புஞ்சாக் மலையில் வந்த லாரி

கூரைத் தகடு விற்றால் வானத்தில் பறக்கலாம் என்று எவராவது முன்பே சொல்லியிருந்தால், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வெயில் ஏறுவதற்குள் வீடு போய்ச் சேருங்கள் என்று அனுப்பி வைத்திருப்பேன். ஆனால் அப்படித்தான் நடந்தது. அந்த வருடங்களில் கல்கத்தா ரோட்டின் இரண்டு பக்கமும் கும்மிடிப்பூண்டி வரைக்கும் ஷெட்டாக முளைத்துக்கொண்டிருந்தது. ஷெட் என்றால் மேலே தகடு வேண்டும். தகடு என்றால் புதுவாயல் கூட்டு ரோட்டில் என் கடை. நான் பெரிதாக ஒன்றும் கிழிக்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தகடு தானாகவே விற்றது. வருடக் கடைசியில் கம்பெனிக்காரர்கள் நன்றாக விற்ற டீலர்களைக் கூப்பிட்டு, எல்லோரையும் ஜோடியாக இந்தோனேசியாவுக்கு அழைத்துப் போகிறோம் என்றார்கள்.

"சம்சாரத்துக்கு பதிலா பார்ட்னரைக் கூட்டினு வந்தா ஒத்துப்பீங்களா சார்?" என்று திருநின்றவூர் பெருமாள் மீட்டிங்கிலேயே எழுந்து கேட்டார். அவருக்குத் தகடு வியாபாரம் பாதி, மனை வியாபாரம் பாதி. மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை. பெருமாள் கடைசியில் தனியாகத்தான் வந்தார். அவர் சம்சாரத்துக்கு விமானம் என்றால் வாந்தி வருமாம். ஏறிப் பார்க்காமலேயே அது எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

நான் என் மனைவி கோமதியோடு கிளம்பினேன். இரண்டாவது படிக்கும் மகள் திவ்யாவை மாமியார் வந்து பார்த்துக்கொண்டார். கோமதி கல்யாணத்துக்கு முன்னால் சிப்காட்டில், காருக்குள் போகும் ஒயர்களைக் கட்டுகிற கம்பெனியில் வேலை செய்தவள். கல்யாணம் ஆனதும் நின்றுவிட்டாள் என்று நான் சொல்வேன். நிறுத்திட்டாங்க என்று அவள் திருத்துவாள். நாங்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம் அவளுடைய பழைய லைன் இன்சார்ஜ் மேரி அக்கா போன் செய்தார். சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியாகிறது, காலை ஷிஃப்ட், அடுத்த வாரம் சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள்.

நான் வேண்டாம் என்றேன். கம்பெனி பஸ் நிற்பது ஹைவேயின் அந்தப் பக்கம். அந்த ரோட்டைத் தாண்டப் போனவர்களில் சிலரை என் கடை ஆட்களே தூக்கி ஆட்டோவில் போட்டிருக்கிறார்கள். நானும் ஒரு கை பிடித்திருக்கிறேன். அதனால் என் பயம் பொய்யில்லை. மத்தியானம் சுடச்சுடச் சோறு வந்துகொண்டிருப்பது நின்றுபோகுமே என்ற கவலையும் பொய்யில்லை. இரண்டாவதை நான் வெளியே சொல்லவில்லை. கோமதி மேரி அக்கா நம்பரை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜகார்த்தாவில் எங்களை அழைத்துப் போக வந்தவர் பெயர் ஆசேப். அவருடைய இங்கிலீஷ் என் இங்கிலீஷ் மாதிரியே இருந்ததால் இருவருக்கும் நன்றாகப் புரிந்தது. புஞ்சாக் என்கிற மலைக்குப் போகிறோம், குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளுங்கள் என்றார். பஸ்ஸுக்குள்ளேயே எங்கள் ஆட்கள் மங்கி குல்லாயை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். வெளியே எங்கள் ஊர் வெயில் அடித்தது.

மலைக்கு ஏறும் ரோடு ஒன்றுதான். கொஞ்ச நேரம் ஏறுகிற வண்டிகளை மட்டும் விடுவார்கள், அப்புறம் இறங்குகிற வண்டிகளை மட்டும். நாங்கள் போய்ச் சேர்ந்தது இறங்குகிறவர்களின் முறை. எங்கள் பக்கம் ரயில்வே கேட் போட்டால், இரண்டு பக்கத்து ஜனமும் ரோடு முழுக்க அடைத்துக்கொண்டு நின்று, கேட் திறந்ததும் நேருக்கு நேர் முட்டிக்கொள்வோம். இங்கே ஒரு வண்டிகூட வரிசையை விட்டு வெளியே வரவில்லை. பெருமாளுக்கு அது பொறுக்கவில்லை.

"இன்னா ஜனம் இது? ஒருத்தனுக்குக்கூட அவசரம் கெடையாதா?" என்று ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தார்.

நின்ற வண்டிகளுக்கு நடுவே வேர்க்கடலையும், சதுரமாகப் பொரித்த ஏதோ ஒன்றும் விற்றுக்கொண்டு வந்தார்கள். பன்னீர் என்று நினைத்துக் கோமதி வாங்கினாள். பன்னீர் இல்லை, சோயாவில் செய்தது என்றார் ஆசேப். உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. கோமதி பையைத் திறந்து இட்லிப் பொடி டப்பாவை எடுத்துத் தூவி ஆசேப்புக்கும் ஒன்று கொடுத்தாள். அவர் கண்ணில் தண்ணீர் வழியத் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டார். அன்றிலிருந்து அவர் எங்கள் ஆள்.

தங்கும் இடத்தின் வாசலில் ஒரு பெண் இரண்டு கைகளையும் நீட்டி, "மங்கா, மங்கா" என்றாள். வெறும் கை. சாப்பாட்டு அறையில் நாற்காலியைக் காட்டி இன்னொருத்தர், "மங்கா." லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு ஒருத்தர், "மங்கா." கண்ணில் ஒரு மாங்காயையும் காணோம். இந்த மலைக்காரர்கள் பேச்சில் அதற்கு 'வாங்க, உட்காருங்க, எடுத்துக்குங்க' என்று எல்லா அர்த்தமும் உண்டு என்று ஆசேப் விளக்கினார். பழத்துக்கும் அதே பெயர்தானாம். பெருமாள் அதற்குப் பிறகு மூன்று நாளும் யாரைப் பார்த்தாலும் மாங்கா, மாங்கா என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். எல்லோரும் அவருக்கு மரியாதையாக வழிவிட்டார்கள்.

வாட்ச்மேன் கட்டியிருந்த கட்டம் போட்ட லுங்கியைக் காட்டி, இதற்கு என்ன பெயர் என்று கோமதி கேட்டாள். பெலக்காட் என்றார் ஆசேப். எந்த ஊர்க் கப்பலில் வந்ததோ அந்த ஊர்ப் பெயர் என்று அவருடைய தாத்தா சொல்வாராம். இங்கிலீஷில் புலிகாட் என்று எழுதுகிற எங்கள் பழவேற்காடுதான். கடையிலிருந்து பைக்கில் கிளம்பினால் டீ ஆறுவதற்குள் போய்விடலாம். நான் அங்கே இறால் வாங்க மட்டும்தான் போயிருக்கிறேன். கடல் தாண்டி வந்தபிறகு பார்த்தால் எவன் இடுப்பிலோ கட்டியிருக்கிறது.

இரண்டாம் நாள் முழுக்க மேகம். மலையும் தெரியவில்லை, தேயிலையும் தெரியவில்லை, பக்கத்தில் நிற்கிற பெருமாள் மட்டும் தெரிந்தார். அவர் ஆசேப்பிடம், இங்கே ஒரு கிரவுண்டு இன்னா போவும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். மனைக் கணக்கில் கேட்ட கிரவுண்டை விளையாட்டு மைதானம் என்று புரிந்துகொண்ட ஆசேப், பக்கத்திலேயே ஒரு நல்ல ஃபுட்பால் மைதானம் இருக்கிறது, பணம் ஒன்றும் வேண்டாம், சும்மாவே விளையாடலாம் என்றார். பெருமாளுக்கு அன்று ராத்திரி வரை மயக்கம் தெளியவில்லை.

மத்தியானம் ரோட்டோரக் கடையில் குச்சியில் சொருகிச் சுட்ட கறி வந்தது. பெருமாள் சிக்கன் என்று நினைத்து ஒரு தட்டைக் காலி செய்தபிறகு, ஆசேப் தலைக்கு மேல் இரண்டு விரலைக் காது மாதிரி நிறுத்தி ஆட்டிக் காட்டினார்.

"மொசலா?" பெருமாள் விரலை நக்கிக்கொண்டார். "நல்லாத்தான் கீது. இன்னொரு பிளேட் சொல்லுபா."

அந்தக் கடையில்தான் ஆசேப் மறுநாள் திட்டத்தைச் சொன்னார். மலை உச்சியில் பெரிய துணிக் குடையைக் கட்டிக்கொண்டு பைலட் ஒருத்தர் பின்னால் இருப்பார், நாம் முன்னால். சரிவில் ஓடினால் குடை தூக்கிவிடும். பாராகிளைடிங். பறந்து கீழே தேயிலைத் தோட்டத்து ஓரம் புல் தரையில் இறங்கலாம். விருப்பப்பட்டவர்கள் பெயர் கொடுக்கலாம். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் குனிந்து தட்டைப் பார்த்தார்கள். கல்லாவில் உட்கார்ந்தே பழகிய கௌரவம் எனக்கு உறைத்தது. நான் பறக்கிறேன் என்று கையைத் தூக்கினேன்.

"நானும்," என்றாள் கோமதி.

எனக்குச் சிரிப்பு வந்தது. "தீமிதி திருவிழால ராட்டினம் ஏறுனதுக்கே கண்ண மூடிக்கினு கத்துன ஆளு நீ."

"அது வேற. நான் பறந்து காட்டிட்டா?"

"பறந்துட்டு முழுசா வா. அப்பால மேரி அக்காவுக்குப் போன் பண்ணி சரின்னு சொல்லு. நா ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

சுட்ட சோளக்கதிர் ஒன்று கையில் இருந்தால் மனிதனுக்கு இப்படியெல்லாம் பேச்சு வரும். கோமதி என்னைப் பார்க்கவில்லை, பெருமாளைப் பார்த்தாள். பெருமாள் அவருடைய தொழில் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டார். "கேட்டுக்கினேன்மா. டோக்கன் அட்வான்ஸ் போட்ட மாரி. இனிமே பேச்சு மாறக் கூடாது சேகரு."

மூன்றாம் நாள் காலையில் வானம் துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. உச்சியில் ஒரு புல் சரிவு. அதற்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே எதுவுமில்லை. கோமதி தங்கையின் சுடிதாரை இரவல் வாங்கி வந்திருந்தாள். செருப்போடு விடமாட்டோம் என்று சொன்னதால் என்னுடைய இன்னொரு ஜோடி கேன்வாஸ் ஷூவைக் காகிதம் திணித்து மாட்டிக்கொண்டாள். கடைசி நேரத்தில் பெயர் கொடுத்த பெருமாளை எடை பார்த்துவிட்டு வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். அவர் அதை ஒரு விருது மாதிரி வாங்கிக்கொண்டு காமிராவோடு ஓரமாக நின்றார்.

எனக்கு வாய்த்த பைலட் டாடாங். கிராம்பு வாசனை அடிக்கிற சிகரெட், சிரித்த முகம், ஒரு வார்த்தை இங்கிலீஷ் கிடையாது. சற்றுத் தள்ளி கோமதியை இன்னொரு பைலட் பெல்ட்டுகளால் கட்டிக்கொண்டிருந்தார். ஆசேப் எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னார். "அவங்க குரல் கொடுத்ததும் ஓடணும். நிக்கக் கூடாது. உக்காரக் கூடாது." நான் பெருமாளின் காமிராவுக்குச் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினேன். இதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது?

பின்னால் குடை எழும்புகிற சத்தம் கேட்டது. ஒரு பெரிய படுதாவைக் காற்றில் உதறின மாதிரி. அது தோளைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தது. டாடாங் என் காதுக்குள் தொண்டை கிழியக் கத்தினார்.

"லாரி! லாரி! லாரி!"

என் கடைக்குள் தகடு லாரி ரிவர்ஸில் வரும்போது இறக்குகிற ஆட்கள் 'லாரி!' என்று ஒரு குரல் கொடுப்பார்கள். கேட்டதும் எவனாக இருந்தாலும் இடது பக்கம் பாய்ந்து சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். யோசித்தால் சட்னி. பதினைந்து வருடமாக நான் அந்தக் குரலைக் கேட்டுத்தான் உயிரோடு இருக்கிறேன். இங்கேயும் யோசிக்கவில்லை. இடது பக்கம் பாய்ந்தேன். சுவர் இல்லை. என்னோடு கட்டியிருந்த பாவத்துக்கு டாடாங்கும் பாய்ந்தார். இரண்டு பேரும் உருண்டு ஒரு தேயிலைச் செடிக்குள் தலைகீழாகப் போனோம். குடை மெதுவாக வந்து எங்கள் மேல் போர்த்திக்கொண்டது.

துணியை விலக்கித் தலையை வெளியே எடுத்தேன். அந்த நேரத்தில்தான் சற்றுத் தள்ளி மறுபடி அதே கூச்சல். "லாரி! லாரி!" நான் கோமதி என்று கத்த வாயைத் திறந்தேன். அவள் ஓடிக்கொண்டிருந்தாள். குனிந்த தலை, இறுக்கிப் பிடித்த கை, ஒரு இடத்திலும் தயங்காத ஓட்டம். அப்படி அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. சரிவு முடிகிற இடத்தில் தரை அவளை விட்டுவிட்டது. என் கேன்வாஸ் ஷூக்களின் அடிப்பக்கம் இரண்டும் என் தலைக்கு மேலே போயின.

டாடாங் இலையைத் துப்பிக்கொண்டே ஆசேப்பிடம் கேட்டார். ஆசேப் என்னிடம் கேட்டார். "ஏன் சார் குதிச்சீங்க?"

"லாரி வருதுன்னு அவர்தானே சொன்னாரு!"

"எங்கே லாரி?" மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். மலை உச்சியில் ஒரு பசுமாடு இருந்தது.

எங்கள் பாஷையில் லாரி என்றால் ஓடு என்று அர்த்தம் சார் என்று ஆசேப் சொல்லி முடிப்பதற்குள் டாடாங் விஷயத்தைப் பிடித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். சரிவில் இலை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் வரைக்கும் விஷயம் இறங்கிப் போய்ச் சிரிப்பாகத் திரும்பி வந்தது. பெருமாள் போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தார்.

நானும் சிரித்தேன், கொஞ்ச நேரம்தான். கோமதியின் குடை ஆரஞ்சுத் தோல் அளவுக்குச் சின்னதாகி, பள்ளத்திலிருந்து எழும்பி வந்த மேகத்துக்குள் போயிற்று. வெளியே வரவில்லை. ஆசேப், ஒன்றுமில்லை சார் என்றார். ஒன்றுமில்லை என்று சொல்கிறவர் ஏன் வாக்கி டாக்கியைக் காதோடு அழுத்திப் பிடிக்க வேண்டும்? சோளக்கதிரைக் கையில் வைத்துக்கொண்டு நான்தானே பேசினேன். திவ்யாவிடம் போய் என்ன சொல்வது?

கீழே போக ஒரு வாடகை பைக் பிடித்துக் கொடுத்தார் ஆசேப். ஓட்டியவருக்கு என் அவசரம் புரியவில்லை. பாதி வழியில் ஒரு பெட்டிக்கடையில் நிறுத்தி, பாட்டிலில் விற்கிற பெட்ரோலை வாங்கி ஊற்றி, கடைக்காரியோடு ஊர்க்கதை பேசி, எனக்கும் ஒரு வாழைப்பழ பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். அதைத் தின்னவும் முடியாமல், எறியவும் மனம் வராமல், கையிலேயே வைத்துக்கொண்டு அண்ணாந்தபடி போனேன். ஒவ்வொரு திருப்பத்திலும் வெறும் மேகம்தான்.

கோமதி புல்தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் சிவந்து, தலை கலைந்து, பின்னல் பாதி அவிழ்ந்து கிடந்தது. என் ஷூவில் ஒன்றைத் தேயிலைத் தோட்டத்துக்குத் தானம் கொடுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பஜ்ஜியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

"நீங்க ஏன் செடிக்குள்ள பூந்தீங்க?" என்று கேட்டாள், பஜ்ஜியைக் கடித்துக்கொண்டு.

"அந்தாளு லாரின்னு கத்துனாரே, உனக்குக் கேக்கல?"

"கேட்டுச்சே. எனக்கும் அதான் கத்துனாங்க."

"அதுக்கு இன்னா அர்த்தம்னு தெரியுமா உனக்கு?"

"இன்னா அர்த்தம்? லாரி வருதுன்னுதான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "லாரி வருதுன்னா எதுக்குடி ஓடுன?"

"இது இன்னா கேள்வி? லாரின்னா ஓடத்தானே ஓணும்?" பஜ்ஜியை விழுங்கிவிட்டுச் சொன்னாள். "நம்ப புதுவாயல் ரோட்டுலதான் அஞ்சு வருசம் கம்பெனி பஸ் புடிச்சேன். நாங்க ஏழெட்டுப் பொண்ணுங்க, கையக் கோத்துக்கினு நிப்போம். மேரி அக்கா தலைய நீட்டிப் பாத்துக்கினே இருக்கும். தூரத்துல லைட்டு தெரிஞ்சா, 'லாரி!'ன்னு கத்தும். அது கிட்ட வர்றதுக்குள்ள ஓடிடணும். நின்னா, அதும் பின்னாடி இன்னொன்னு, அதும் பின்னாடி இன்னொன்னு வந்துக்கினே இருக்கும். பஸ்ஸு போய்டும். கம்பெனில லீவ் போட்டுடுவான்."

"எங்கடி? என் கடை வாசல்லயா?"

"அங்கதான். நீங்க ஷட்டர் தொறக்கறதுக்குள்ள நாங்க ஒரு மணி நேர வேலை முடிச்சிருப்போம்."

அந்த ரோட்டை நான் பதினைந்து வருடமாகப் பார்க்கிறேன். லாரி வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்க வேண்டும் என்று ஊருக்கே பாடம் எடுப்பேன். அதன் குறுக்கே அவள் ஐந்து வருடம் ஓடியிருக்கிறாள், என் கடை வாசலில், நான் தூங்கிக்கொண்டிருந்தபோது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவள்மேல் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வராமல், "ஷூ போச்சா?" என்றேன்.

பெருமாளும் ஆசேப்பும் இறங்கி வந்து சேர்ந்ததும் கடைத்தெருவுக்குப் போனோம். அங்கே கண்ணாடிக் கூண்டுகள் வைத்த ஒரு போன் கடை இருந்தது. எங்கள் ஊர் எஸ்.டி.டி. பூத் மாதிரியே சிவப்பு எண்கள் ஓடுகிற பெட்டி. கோமதி உள்ளே போனாள். ஒரு காலில் என் ஷூ, இன்னொரு காலில் ஆசேப் வாங்கிக் கொடுத்த ரப்பர் செருப்பு. கதவைச் சாத்தவில்லை. நான் கேட்கட்டும் என்றுதான் சாத்தவில்லை என்று நினைக்கிறேன்.

"அக்கா, கோமதி பேசறேன். வரேன்க்கா. திங்கக்கெழமையே வரேன். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுதான், தெரியும்க்கா." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "ஊட்டுக்காரரா? அவர்தான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்னாரு."

பேசவில்லை. பெருமாள் பக்கத்தில் நின்று என்னையே முறைத்துக்கொண்டிருந்தார், பத்திரம் பதிவாகிறதா என்று பார்க்கிற மாதிரி. கோமதி வெளியே வந்ததும் நான் கூண்டுக்குள் போனேன். கடையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி பாஸ்கருக்குப் போட்டேன்.

"டேய், திங்கக்கெழமைலேர்ந்து கடைய நீதான் தொறக்கணும். நா ஒம்போது மணிக்கு மேலதான் வருவேன்."

"ஏண்ணா? ஒடம்பு கிடம்பு பேஜாரா? எங்கனா உழுந்துட்டியா?"

"உழுந்தேன், அது வேற. அண்ணி கம்பெனிக்குப் போவுது. காலைல பஸ்ஸு. திவ்யாவ நாஷ்டா குடுத்து, ரெட்டைச் சடை போட்டு, நான்தான் ஸ்கூலுக்கு அனுப்பணும்."

இரைச்சலுக்கு நடுவே பாஸ்கர் சிரிக்கிறது கேட்டது.

"உனக்கு ஒத்தைச் சடையே வராதேண்ணா."

போனை வைத்துவிட்டு வந்தேன். தூறல் ஆரம்பித்திருந்தது. கடைக்கு வெளியே பெஞ்சில் கோமதி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பாஸ்கர் சொன்னது அவள் காதில் விழுந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் காற்றில் கலைந்து கிடந்த பின்னலை முழுசாக அவிழ்த்து, சீப்பைத் தோளுக்கு மேலே நீட்டினாள்.

"மொதல்ல மூணாப் பிரிங்க," என்றாள்.

பெருமாள் காமிராவை எடுத்தார். எடுத்துத் தொலையட்டும் என்று பிரித்தேன்.